கடும் வருத்தமுள்ள பிள்ளையும் வீடும்: திருகோணமலைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

புற்றுநோய், தசை நோய், இதயக் கோளாறு, மூளை பாதிப்பு என்று பெயர் எதுவாக இருந்தாலும், பிள்ளைக்குப் பெரிய வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டின் ஒழுங்கே மாறிப்போகிறது. நிலாவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி என்று எந்தப் பக்கத்துத் தாய்தகப்பனோடு கதைத்தாலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வாட்டில் டொக்டரிடம் கேட்கத் தயங்கியவை, இரவில் நித்திரை வராமல் யோசித்தவை. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவுகளை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். பிள்ளையின் நிறையைப் பார்த்து டொக்டர்தான் அதைத் தீர்மானிக்கவேண்டும்.

குழந்தைகளுக்கான ஹொஸ்பிஸ் என்றால் என்ன?

உயிருக்கு ஆபத்தான வருத்தம் உள்ள பிள்ளையின் நோவு, மூச்சுத்திணறல், வாந்தி, பயம் எல்லாவற்றையும் கவனித்து, பெற்றோரையும் சகோதரங்களையும் சேர்த்துத் தாங்குகிற பராமரிப்பு. நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று சொல்வதும் இதைத்தான். அதற்கென்று தனிக் கட்டடம் இருக்கலாம். வாட்டிலேயோ வீட்டிலேயோ நடக்கலாம். உலகில் பிள்ளைகளுக்கென்றே தொடங்கிய முதல் ஹொஸ்பிஸ் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் 1982இல் திறந்த ஹெலன் ஹவுஸ். கடும் வருத்தத்தோடு இருந்த ஹெலன் என்ற சிறுமியின் பெற்றோருக்கு உதவப்போன பிரான்சிஸ் டொமினிக்கா என்ற கன்னியாஸ்திரி அதைத் தொடங்கினார். இரவு பகலாகப் பிள்ளையைப் பார்த்துக் களைத்துப்போன தாய்தகப்பனுக்குச் சில நாள் ஓய்வு கொடுப்பது அன்றைக்கே அதன் முக்கிய வேலை. நம் ஊரில் அந்த ஓய்வைப் பற்றி யாருமே கதைப்பதில்லை. தாய் என்றால் களைக்கக்கூடாது என்பது போல நடந்துகொள்கிறோம்.

எந்தப் பிள்ளைகளுக்கு இது தேவை? புற்றுநோய்க்கு மட்டுந்தானா?

இல்லை. குணமாக வாய்ப்பிருந்தும் சிகிச்சை பலிக்காமல் போகக்கூடிய நோய்கள் உண்டு. புற்றுநோயும் கடுமையான இதயக் கோளாறும் அப்படி. பல வருடங்கள் நல்ல பராமரிப்போடு வாழ்ந்தாலும் ஆயுளைக் குறைக்கும் நோய்கள் உண்டு. டுஷேன் தசைச் சிதைவு ஓர் உதாரணம். பிறப்பிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகிக்கொண்டு போகிற, குணப்படுத்த மருந்தில்லாத நோய்களும் இருக்கின்றன. கடைசியாக, நோய் கூடாவிட்டாலும் அடிக்கடி நியூமோனியா, வலிப்பு, விழுங்க முடியாமை என்று ஆபத்து வந்துகொண்டே இருக்கும் பிள்ளைகள்: கடும் பெருமூளை வாதம் உள்ளவர்கள். இந்தக் கடைசிப் பிள்ளைகள் திருகோணமலையில் எத்தனையோ வீடுகளின் பின்னறையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நோகும், அவர்களின் தாய்மாருக்கும் முதுகு முறியும் என்பதால் இந்தப் பராமரிப்பு அவர்களுக்கும் உரியது.

இதைப் பற்றிக் கதைத்தால் டொக்டர் கைவிரித்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனாலேயே உதவி கேட்பது மாதக்கணக்கில் பிந்திப்போகிறது. வருத்தம் கண்டுபிடித்த அன்றே இந்தப் பராமரிப்பு தொடங்கவேண்டும், நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடரவேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் பிள்ளைக்கு வாந்தியை நிறுத்துவதும், வாய்ப்புண்ணுக்கு மருந்து கொடுப்பதும், ஊசிப் பயத்தைக் குறைப்பதும் இதில் அடங்கும். அந்தப் பிள்ளைகளில் பலர் முற்றாகக் குணமாகிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். நோவில்லாமல் இருந்த பிள்ளை சிகிச்சையைத் தாங்குவதும் இலகு.

இதைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. 2014இல் உலக சுகாதாரப் பேரவை, நாடுகள் எல்லாம் தங்கள் சுகாதார சேவையோடு இதைச் சேர்க்கவேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. இலங்கையும் 2019 முதல் 2023 வரைக்கென்று தேசியத் திட்ட வரைவு ஒன்றை வெளியிட்டது. கிளினிக்கில் உட்கார்ந்து, “பிள்ளைக்கு நோவு குறைய என்ன செய்யலாம், வீட்டில் வைத்துப் பார்க்க யார் உதவுவார்கள்?” என்று நேராகக் கேளுங்கள்.

திருகோணமலையில் இருந்துகொண்டு யாரிடம் போவது?

முதல் வாசல் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பிள்ளைகள் வாட்டும் கிளினிக்கும். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்தவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையிலிருந்து தொடங்கலாம். வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரை மறந்துவிடாதீர்கள். அவர் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மட்டும் என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் உங்கள் பிள்ளையின் நிலையைச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்குக் கொண்டுபோக அவரைவிட நெருக்கமான ஆள் இல்லை.

புற்றுநோய் என்றால் பெரும்பாலும் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் இருக்கும் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. தொடர் சிகிச்சையில் எதை அங்கே செய்யலாம் என்று மகரகமவில் கேட்டுப் பார்க்கலாம். மகரகமவில் இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை நடத்தும் ‘சுவ அரண’ பிள்ளைகளுக்கென்றே அமைந்த நோய்த்தணிப்பு நிலையம், கட்டணம் இல்லை. அபேக்ஷாவுக்குப் போகும் குடும்பங்கள் அதைப் பற்றி வாட்டில் விசாரியுங்கள்.

மகரகமவுக்குப் போய்வருவதே பெரும்பாடு. அதற்கு ஏதாவது வழி?

இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம், மடியில் காய்ச்சல்காரப் பிள்ளை. இதை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “அடுத்த இரத்தப் பரிசோதனையைத் திருகோணமலையில் செய்து முடிவை அனுப்பலாமா?” சில நேரம் ஆம் என்பார்கள். அதனால் ஒரு பயணம் மிச்சம். நோய் விவர அட்டையையும் கிளினிக் கொப்பியையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடு இரவில் பெரியாஸ்பத்திரிக்கு ஓடும்போது கொப்பி வீட்டில் கிடந்தாலும் படம் கையில் இருக்கும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், வெப்பமானி 38 பாகை செல்சியஸ் காட்டினால், பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். மகரகமவுக்குப் போக பஸ்ஸையும் பார்க்காதீர்கள். வெள்ளணுக்கள் குறைந்த உடம்பில் கிருமி சில மணித்தியாலத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போய், “கீமோ ஏற்றிய பிள்ளை, காய்ச்சல்” என்று வாசலிலேயே சொல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்.

மொழி இன்னொரு சுமை. மகரகம வாட்டில் சிங்களமே அதிகம். நோவு என்பதற்கு ‘ரிதெனவா’, மூச்செடுக்கக் கஷ்டம் என்பதற்கு ‘ஹுஸ்ம கன்ன அமாருய்’, வாந்தி என்பதற்கு ‘வமனே யனவா’. இந்த மூன்றையும் தாயும் பிள்ளையும் பழகிக்கொண்டு போனால் இரவு வேளையில் கைகொடுக்கும். ஆனால் பெரிய முடிவுகள் கதைக்கும்போது அரைகுறை விளக்கத்தோடு தலையாட்டாதீர்கள். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடும்படி கேளுங்கள், அவர் வரும்வரை கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள். பிள்ளையின் அண்ணனையோ அக்காவையோ மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். “உன் தம்பிக்கு இனி மருந்தில்லை” என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயால் தாய்க்குச் சொல்லவைப்பது பெரிய கொடுமை.

மோர்பின் எழுதித் தந்திருக்கிறார்கள். அது கடைசி நேரத்தில் கொடுப்பதுதானே? பிள்ளை அதற்கு அடிமையாகிவிடாதா?

இந்தப் பயத்தால் மருந்துப் போத்தலை அலுமாரியில் வைத்துவிட்டுப் பிள்ளை நோவில் முனகுவதைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2007இல் முதன்முதல் வெளியிட்டது. மோர்பின் அதில் இருக்கிறது. 2012இல் வெளியிட்டு 2019இல் மீளப்பெற்ற வழிகாட்டியில் பிள்ளைகளின் நோவுக்கு இரண்டே படிகள் இருந்தன: இலேசான நோவுக்குப் பரசிற்றமோல் அல்லது இபுபுரூபன், அதைவிடக் கூடிய நோவுக்கு மோர்பின் போன்ற மருந்து. முன்பு இடைப்படியாக இருந்த கோடீனைப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். சில பிள்ளைகளின் உடம்பு அதை வேகமாக மோர்பினாக மாற்றி ஆபத்தாக்கும், சிலரின் உடம்பில் அது வேலையே செய்யாது.

அளவோடு, நோவுக்கேற்றபடி கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. பயிற்சியுள்ள டொக்டர் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகத்தான் கூட்டுவார். மூச்சுத்திணறலுக்கும் சிறிய அளவில் அதையே கொடுப்பதுண்டு. சில பிள்ளைகள் மாதக்கணக்கில் குடித்துக்கொண்டே விளையாடுகிறார்கள், படிக்கிறார்கள். அடிமைத்தனம் என்பது நோவில்லாத போதும் மருந்தைத் தேடி அலைவது. நோவுக்காகக் குடிக்கும் பிள்ளையிடம் அதைக் காண்பது மிக அரிது. உடம்பு மருந்துக்குப் பழகுவது உண்மைதான். அதனால் நோவு குறைந்தாலும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது; டொக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

கொடுக்கும் முறையும் முக்கியம். நோவு வந்தபின் கொடுப்போம் என்று இருந்தால் மருந்து எப்போதும் நோவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். பாணி மருந்தைச் சொன்ன நேரத்துக்கு, வழக்கமாக நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். இடையில் நோவு கிளம்பினால் கொடுக்க மேலதிக அளவு ஒன்றையும் டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். அளவுச் சிரிஞ்சில் எடுங்கள், தேக்கரண்டியை நம்பாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளை அதிகம் நித்திரை கொள்ளும். பல நாள் நோவில் நித்திரையில்லாமல் கிடந்த உடம்பு ஈடுசெய்வதும் அதில் சேர்ந்திருக்கும். எழுப்பினால் எழும்பவில்லை, மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு அறிவியுங்கள். மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், தானாகவும் போகாது. மோர்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கி தந்தார்களா என்று பாருங்கள். தராவிட்டால் கேளுங்கள்.

மருந்தைப் பூட்டி வையுங்கள். வீட்டில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடையில் வாங்கும் நோவு மருந்துகளில் கவனம் வேண்டும். டொக்டர் எழுதித் தராமல் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கூடாது. இரத்தத் தட்டணு குறைந்த புற்றுநோய்ப் பிள்ளைக்கு இபுபுரூபனோ டைக்குளோபினக்கோ டொக்டரைக் கேட்காமல் கொடுத்தால் இரத்தக்கசிவு வரலாம். அக்கம்பக்கத்தில் நல்லெண்ணத்தோடு தருகிற குளிசையும் அப்படித்தான்.

என் பிள்ளை கதைக்காது. நோகுது என்று எப்படி அறிவது?

தாதிமார் பார்க்கும் ஐந்து விஷயங்கள் உண்டு: முகம் சுளிக்கிறதா, கால்கள் விறைத்து மடங்குகின்றனவா, உடம்பு நெளிகிறதா, அழுகை எப்படி, தூக்கினால் ஆறுகிறதா. இதற்கு மேலே உங்களுக்குத் தெரிந்தது எந்த அளவுகோலிலும் இல்லை. சில பிள்ளைகள் நோவில் அழாமல் மௌனமாகிவிடும். சில சிரிக்கக்கூடச் செய்யும். “இவன் இப்படிப் பார்த்தால் நோகுது” என்று உங்களுக்குத் தெரிந்ததைக் கொப்பியில் எழுதி வாட்டில் காட்டுங்கள். பெருமூளை வாதமுள்ள பிள்ளை திடீரென்று ஓயாமல் அழுதால் பல், காது, மலச்சிக்கல், இடுப்பு மூட்டு விலகல், நெஞ்செரிச்சல் என்று ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். “இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்” என்று யாராவது அனுப்பிவிட்டால் திரும்பிப் போங்கள்.

மூன்று வயதுக்கு மேல், கதைக்கக்கூடிய பிள்ளையிடம் சிரித்த முகத்திலிருந்து அழும் முகம்வரை வரைந்து, “எது நீ?” என்று கேட்கலாம். பிள்ளை சொல்வதை நம்புங்கள். விளையாடுகிறதே என்பதற்காக நோவில்லை என்று முடிவெடுக்கவேண்டாம். விளையாட்டால் நோவை மறக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறாள். அம்மம்மா ஊட்டிவிடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறா. என்ன செய்வது?

நம் வீடுகளில் அன்பு சோற்றின் வழியாகத்தான் போகிறது. அதனால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்போது தாய்க்கு ஏற்படும் கலக்கத்தை டொக்டர்மார் பல நேரம் விளங்கிக்கொள்வதில்லை. முதலில் திருத்தக்கூடிய காரணத்தைத் தேடுங்கள்: வாய்ப்புண், வெண்பூஞ்சை, மலச்சிக்கல், ஓங்காளம். இவற்றுக்கு மருந்திருக்கிறது. கீமோ காலத்தில் வாசனையே பிடிக்காமல் போகும். சூடான கறியைவிட ஆறிய கஞ்சி, ஐஸ்பழம், இளநீர் என்று சிறு சிறு அளவில் கொடுத்துப் பார்க்கலாம். சிறுநீரக வருத்தம் உள்ள பிள்ளைக்கு மட்டும் இளநீர் கேட்காமல் கொடுக்காதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம்.

விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளையைப் படுக்கவைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி, தலையைக் கொஞ்சம் முன்னே சாய்த்து, கெட்டியான கூழாகச் சின்னக் கரண்டியில் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் இருமினால், சாப்பிட்டபின் நெஞ்சு களகளத்தால், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது மூக்கு வழியாக உணவு கொடுக்கும் குழாய் பற்றி டொக்டரோடு கதைக்கவேண்டும்.

நோய் முற்றிய நிலையில் பசி தானாக அடங்கிவிடுகிறது. உடம்பு உணவைக் கையாள முடியாத நிலைக்கு வந்துவிட்டது. சாப்பிடாததால்தான் பிள்ளை மெலிகிறாள் என்று அம்மம்மா நினைக்கிறா. உண்மையில் நோய் முற்றியதால்தான் மெலிவும் பசியின்மையும் வருகின்றன. வற்புறுத்தி ஊட்டினால் வாந்தியும் புரையேறலும்தான் மிஞ்சும். அந்த நாட்களில் சேலைன் ஏற்றுவதும் பெரிதாக உதவாது; சில நேரம் வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும் கூட்டும். அம்மம்மாவுக்கு வேறு வேலை கொடுங்கள். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைப்பது, கால் பிடித்துவிடுவது, கதை சொல்வது. அவ கையாலும் ஏதாவது செய்யவேண்டும் அல்லவா.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாமா?

பெரும்பாலான வீடுகளில் பிள்ளை அறைக்குள் வந்ததும் எல்லோரும் கதையை மாற்றுகிறார்கள். பிள்ளை அதைக் கவனிக்காமல் இருக்குமா? வாட்டில் பக்கத்துக் கட்டில் வெறுமையானதையும், அப்பா வெளியே போய் அழுதுவிட்டு வந்த கண்களையும் அது பார்த்துவிட்டது. சொல்லாமல் விடும்போது பிள்ளை தனியாகப் பயப்படுகிறது. அதிலும் கொடுமை, பெற்றோரைக் காப்பாற்ற ஒன்றும் தெரியாததுபோல் நடிக்கவும் செய்கிறது.

சுவீடனில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த 429 பெற்றோரிடம் சில வருடங்களுக்குப் பின் கேட்டு, 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மரணத்தைப் பற்றிப் பிள்ளையோடு கதைத்திருந்தவர்கள் 147 பேர். அவர்களில் ஒருவர்கூட ஏன் கதைத்தோம் என்று வருந்தவில்லை. கதைக்காதவர்களில் நான்கில் ஒருவருக்கும் கொஞ்சம் கூடுதலானோர் வருந்தினார்கள். நம் ஊர் வேறு, பழக்கம் வேறு என்று சொல்லலாம். ஆனாலும் இதை யோசிக்காமல் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டவேண்டியதில்லை. பிள்ளை கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும். “நான் செத்துப்போவேனா?” என்று கேட்டால், “ஏன் அப்படி யோசித்தாய், என்ன பயமாக இருக்கிறது?” என்று முதலில் கேளுங்கள். பல நேரம் பிள்ளையின் பயம் வேறு: நோகுமா, அம்மா பக்கத்தில் இருப்பாவா, தம்பி என் சைக்கிளை எடுப்பானா. “நோகாமல் பார்த்துக்கொள்வோம், உன்னைத் தனியே விடமாட்டோம்” என்பது நீங்கள் நிச்சயமாகக் கொடுக்கக்கூடிய வாக்கு. “கட்டாயம் சுகமாகிவிடும்” என்பதைக் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சாவு என்றால் போய்த் திரும்பி வருவது போலத்தான். ஒன்பது பத்து வயதில் அது திரும்பாதது என்று நன்றாகவே தெரியும். பதின்ம வயதினரிடம் சிகிச்சை முடிவுகளையும் கேட்கவேண்டும், ஊசி ஏறுவது அவர்களின் உடம்பில்.

பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்டால், டொக்டர் சம்மதித்தால், ஒரு மணித்தியாலமாவது அனுப்புங்கள். “இனிப் படித்து என்ன” என்று யாரும் பிள்ளையின் காதில் விழும்படி சொல்லக்கூடாது.

மற்றப் பிள்ளைகளை எப்படிக் கவனிப்பது?

தாய் மகரகமவில், தகப்பன் கடலுக்கோ கடைக்கோ போய்விட, பெரியம்மா வீட்டில் விடப்பட்ட பிள்ளைகள் இவர்கள். சிறிய பிள்ளைகள் பலர், தாங்கள் சண்டை பிடித்ததால்தான் அண்ணாவுக்கு வருத்தம் வந்தது என்று உள்ளுக்குள் நம்புகிறார்கள். “உன்னால் வரவில்லை, இது தொற்றவும் தொற்றாது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது. வாட்டுக்குக் கூட்டிப்போகமுடியாவிட்டால் வீடியோவில் கதைக்கவிடுங்கள். படுக்கையில் மூத்திரம், வயிற்றுவலி, படிப்பில் பின்வாங்கல் என்று வந்தால் வகுப்பாசிரியருக்கு வீட்டு நிலையைத் தெரியப்படுத்துங்கள்.

நேர்த்தி வைத்திருக்கிறோம். சித்த வைத்தியமும் பார்க்கலாமா?

கோணேசருக்கும் காளியம்மனுக்கும் வைத்த நேர்த்தியோ, பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரோ, தேவாலயத்து மெழுகுதிரியோ பராமரிப்புக்கு எதிரி ஆகாது. பிள்ளைக்கும் உங்களுக்கும் அதில் பலம் கிடைத்தால் நல்லதுதான். விரதம் மட்டும் பிள்ளைக்கு வேண்டாம். கீமோ நடக்கும்போது சனக்கூட்டமான திருவிழாவையும் தவிர்க்கவும்.

சித்த மருத்துவம் நம் மாவட்டத்தில் வேரூன்றியது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் அதைப் பட்டப்படிப்பாகவே படிப்பிக்கிறார்கள். வெளியே பூசும் எண்ணெய், ஒத்தடம் போன்றவற்றைப் புண்ணில்லாத இடத்தில் பயன்படுத்துவதில் பெரும்பாலும் சிக்கலில்லை. உள்ளுக்குக் குடிக்கும் எந்தக் கசாயத்தையும் பற்பத்தையும் இரண்டு வைத்தியருக்கும் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். கீமோவோடு சேர்ந்து ஈரலைத் தாக்கக்கூடியவை இருக்கின்றன. “ஊசியை நிறுத்தினால்தான் என் மருந்து வேலை செய்யும்” என்று யார் சொன்னாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

என்னுடைய பாவத்தால் வந்ததா? மாமியார் என் பக்கத்து இரத்தம் என்கிறா.

இல்லை. பிள்ளைப்பருவப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை தாய்தகப்பன் செய்த எதனாலும் வருவதில்லை. தலசீமியா என்ற இரத்த நோய், முதுகுத்தண்டுத் தசை நலிவு போன்றவை தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் மரபணு வந்து சேர்ந்தால்தான் வரும். ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல வழியே இல்லை. டுஷேன் தசைச் சிதைவு தாய்வழி மரபணுவால் வரலாம், ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புதிதாகத் தோன்றும் மாற்றம். தாயிடமிருந்து வந்தாலும் அது அவள் தேர்ந்தெடுத்ததில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு முன் டொக்டரிடம் மரபணு ஆலோசனை கேளுங்கள். தலசீமியா போன்ற நோய்களில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு.

தகப்பன்மாரைப் பற்றி ஒரு வார்த்தை. அழாமல் கடன் வாங்கவும் ஓட்டோ பிடிக்கவும் ஓடிக்கொண்டிருப்பவரை யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. நித்திரையே இல்லை, குடி கூடிவிட்டது, சாகலாம் போலிருக்கிறது என்றால் 1926 தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

செலவுக்கு உதவி கிடைக்குமா?

அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். வீட்டை விழுத்துவது பயணமும், வெளியே வாங்கச் சொல்லும் மருந்தும், இழந்த கூலியும்தான். சில சிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. 2025 முதல் அதற்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அஸ்வெசும கொடுப்பனவு, மாற்றுத்திறனாளி கொடுப்பனவு பற்றியும் அங்கேயே சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கடிதங்களின் பிரதிகளை எப்போதும் வைத்திருங்கள்.

கடைசி நாட்களை வீட்டில் கழிக்கலாமா? என்ன நடக்கும்?

பிள்ளை கேட்டால், உங்களால் ஏலுமென்றால், கழிக்கலாம். வாட்டிலேயே இருக்க விரும்பினால் அதுவும் சரி. பாதியில் மனம் மாறினாலும் யாரும் உங்களைக் குறைசொல்லக்கூடாது.

வீட்டுக்கு வருமுன் மூன்று விஷயங்களை டொக்டரிடம் வாங்குங்கள்: நோயையும் எடுத்த முடிவையும் விளக்கும் கடிதம், நோவுக்கும் மூச்சுத்திணறலுக்கும் வலிப்புக்கும் கொடுக்க எழுதிய மருந்துகள், இரவில் அழைக்க ஓர் இலக்கம். நெருக்கடியில் அம்புலன்சை அழைத்தால், வருகிறவர்களின் கடமை உயிரைக் காக்க முயல்வதுதான். நெஞ்சை அழுத்துவது, குழாய் போடுவது இவையெல்லாம் வேண்டுமா வேண்டாமா என்பதை அமைதியான ஒரு பகலில் கதைத்து முடிவெடுத்திருக்கவேண்டும்.

பிள்ளை கூடுதலாக நித்திரை கொள்ளும். கை கால் குளிரும், தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமாகி, பிறகு நின்று, பிறகு தொடங்கும். தொண்டையில் சளி களகளக்கும். கேட்கிறவர்களுக்குப் பயங்கரமாக இருந்தாலும் மயக்க நிலையில் இருக்கும் பிள்ளையை அது வருத்துவதாகத் தெரியவில்லை. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மெதுவாகத் திருப்பினால் படுக்கைப்புண் வரும் வாய்ப்புக் குறையும். விழுங்க முடியாத நிலையிலும் நோவு மருந்தை நிறுத்தக்கூடாது, வேறு வழியில் கொடுக்க ஏற்பாடு கேளுங்கள். காது கேட்கும் என்று எண்ணிக்கொண்டே கதையுங்கள். மடியில் வைத்திருக்க ஆசையென்றால் வைத்திருங்கள்.

வீட்டில் நடந்த இறப்பைக் கிராம சேவகருக்கு அறிவித்து, பிறகு பிரதேசப் பதிவாளரிடம் பதியவேண்டும். டொக்டரின் கடிதம் அதற்கும் உதவும். ஜனாஸாவை விரைவாக அடக்கவேண்டிய குடும்பங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் வாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மிஞ்சிய மோர்பினை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுங்கள்.

அக்கம்பக்கத்தில் இருக்கும் நாங்கள் என்ன செய்யலாம்? ஊரில் ஒரு குழு தொடங்க முடியுமா?

முடியும். கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் சில டொக்டர்மாரும் தொண்டர்களும் ஒரு சிறிய நோய்த்தணிப்பு கிளினிக்கைத் தொடங்கினார்கள். பிறகு ஊர்ச்சனமே பயிற்சி பெற்று வீடுவீடாகப் போகத் தொடங்கி, 2008இல் மாநில அரசே அதற்கென்று கொள்கை வகுத்தது. மீனவரும் ஆசிரியரும் கடைக்காரரும் சேர்ந்து செய்த வேலை அது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை என்று எல்லாமே சில தெரு தூரத்தில் இருக்கிற நம் பட்டணத்தில் ஆளுக்கா பஞ்சம்?

தொடங்கும் முன் பிள்ளைகள் வாட்டு டொக்டரையும் சுகாதார வைத்திய அதிகாரியையும் சந்தித்து, எந்த வீட்டுக்கு என்ன தேவை என்பதைப் பெற்றோரின் சம்மதத்தோடு கேட்டறியுங்கள். மருந்து விஷயத்தில் கைவைக்கவேண்டாம். காற்று மெத்தை, சக்கர நாற்காலி, சளி உறிஞ்சும் கருவி ஆகியவற்றை வாங்கி இரவலாகக் கொடுக்கலாம். கிளினிக் நாளில் வாகனம், மகரகமவில் இருக்கும் குடும்பத்தின் மற்றப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, தாய் குளித்து நித்திரை கொள்ள வாரத்தில் ஒரு பகல் பிள்ளையோடு இருக்கக்கூடிய, பயிற்சி பெற்ற ஒருவர். “ஏதும் வேண்டுமென்றால் சொல்லுங்கோ” என்று வாசலில் நின்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். “செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாடு நாங்கள் கொண்டுவருகிறோம்” என்று சொல்லுங்கள். பிள்ளையின் படத்தை முகநூலில் போட்டுக் காசு சேர்க்கவேண்டாம். எட்டு மாதம் கழித்தும், ஆண்டுத் திவசம் முடிந்த பிறகும், அந்த வீட்டுக்குப் போங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள். தாய் அழுதால் அழட்டும், எழும்பிப் போய்விடாதீர்கள்.